வெள்ளி இரவு டூசானில் டெம்பிக்காரர்களோடு ஐஸ் ஹாக்கி: யார் யார் வருகிறீர்கள்?

கள்ளிச்செடி | செவ்வாய், இரவு 8.40

வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு டவுன்டவுன் கன்வென்ஷன் சென்டரில் நம் யூ ஆஃப் ஏ (அரிசோனா பல்கலைக்கழகம்) வைல்ட்கேட்ஸுக்கும் டெம்பியின் ஏஎஸ்யூவுக்கும் (அரிசோனா ஸ்டேட்) ஐஸ் ஹாக்கி. போன தடவை நான்கு பேர் போய் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். இந்த முறை ஒரு வரிசையாவது நம் ஆட்களாக இருந்தால் நன்றாக இருக்கும். வருகிறவர்கள் கீழே ஒரு வார்த்தை போடுங்கள், டிக்கெட்டைச் சேர்த்தே எடுத்துவிடலாம். டெம்பிப் பக்கத்து ஆட்களும் வரலாம். எதிர்ப்பக்கம் கத்தினாலும் இடைவேளையில் காபி என் செலவு.

புதியவர்களுக்கு ஒரு விஷயம். இது கிளப் அணி. கூடைப்பந்து, ஃபுட்பால் மாதிரி பல்கலைக்கழக விளையாட்டுத் துறை நடத்தும் அணி இல்லை. ஸ்காலர்ஷிப் கிடையாது. சீசனுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்தைப் பையன்களே கட்டி ஆடுகிறார்கள். நான் எடுக்கும் லேப் வகுப்பில் அவர்களில் ஒருவன் இருக்கிறான். திங்கள் காலை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

டெம்பி_வேல் | செவ்வாய், இரவு 9.05

தலைப்பில் சின்னத் திருத்தம் வேண்டும். ஏஎஸ்யூ ஹாக்கி என்றால் மல்லெட் அரங்கில் 5,000 இருக்கைகளுக்கு நடுவே, கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷனில் ஆடுகிற அணி. வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு வருவது எங்கள் கிளப் அணி. ஜெயித்தால் கொண்டாடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் "ஏஎஸ்யூவைச் சாய்த்துவிட்டோம்" என்று பேனர் கட்டாதீர்கள். அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தம்பியிடம் மல்லுக்கு நின்ற கதையாகிவிடும்.

நோ பிட்டி ஃபார் த கிட்டி. பூனைக்கு இரக்கம் கிடையாது.

கள்ளிச்செடி | செவ்வாய், இரவு 9.11

வந்துட்டார்யா. டெம்பி நார்மலில் படித்தவருக்குத் தலைப்பு வாசிக்கத் தெரிந்ததே சந்தோஷம்.

டெம்பி_வேல் | செவ்வாய், இரவு 9.14

ஏஎஸ்யூவின் பழைய அவதாரமான அந்த நார்மல் (ஆசிரியர் பயிற்சி) பள்ளிதான் 1899இல் ஃபுட்பாலில் உங்களை 11-2 என்று அடித்து டெரிட்டோரியல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. பழசு பேசலாமா?

நெறியாளர் | செவ்வாய், இரவு 9.30

"பூனை", "நார்மல்" வரை சரி. அதற்கு மேல் போனால் இழையைப் பூட்டிவிடுவேன். 'ஏ' மலைக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று முன்பு ஒருமுறை ஆரம்பித்து எங்கே போய் நின்றது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். (புதியவர்கள் குழம்ப வேண்டாம், இரண்டு ஊரிலும் சரிவில் பெரிய 'ஏ' எழுத்து வைத்த மலை ஆளுக்கொன்று இருக்கிறது. பெரிய ஆட்டம் நெருங்கினால் ராத்திரி மாணவர்கள் காவல் இருப்பார்கள், பக்கத்து ஊர்க்காரன் வந்து தன் கல்லூரி நிறத்தைப் பூசிவிடாமல்.)

செல்வா_புதுசு | புதன், காலை 7.50

வணக்கம். ஆகஸ்டில்தான் டூசான் வந்தேன். சொந்த ஊர் விருதுநகர். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் உமி போட்டுச் சாக்கில் சுற்றி வைத்த ஐஸ் பார்தான், அதன் மேல் ஆள் ஓடிப் பார்த்ததில்லை. வரலாமா? சில சந்தேகங்கள்.

ஜாக்கெட் வேண்டுமா? ஊரிலிருந்து ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான். சைவச் சாப்பாடு ஏதாவது கிடைக்குமா? யூடியூபில் ஒரு ஆட்டம் பார்த்தேன். அந்தக் கறுப்பு வடை (பக் என்கிறார்களே, அது) எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கோல் விழுந்ததைக் கூட்டம் கத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன். நேரில் தெரியுமா? அப்புறம், இந்தப் பாலைவனத்தில் ஐஸ் எப்படி உருகாமல் நிற்கிறது?

மாலதி_சாண்ட்லர் | புதன், காலை 8.35

கறுப்பு வடை! இனிமேல் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

செல்வா தம்பி, ஸ்வெட்டர் போதாது, கால் வழியாகத்தான் குளிர் ஏறும். கெட்டி சாக்ஸ் போட்டுக்கொள். நானும் வருகிறேன், என் மகனும் வருகிறான். அவனுக்குப் பதினொரு வயது, கோலி (கோல் கீப்பர்). சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ரிங்க்கில் நிற்க வேண்டும் என்றால் நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள் நான். ஆறு வருடமாக அந்த ஹாக்கிப் பை என் காரின் பின்னால்தான் இருக்கிறது. வியர்வையில் ஊறிய அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒருமுறை ஜூலை வெயிலில் இரண்டு நாள் கார் உள்ளேயே மறந்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார்.

நாங்கள் எந்தப் பக்கம் உட்காருவது என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பா ஏஎஸ்யூ, மகனுக்குப் பிடித்த கோலி டூசான் அணியில்.

ஐஸ்கேட்_அண்ணாச்சி | புதன், மதியம் 1.20

செல்வா, ஐஸ் உருகாத ரகசியம் பெரிய மந்திரமில்லை. ஃபிரிட்ஜைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஆடுவது மாதிரி. சிமெண்ட் தரைக்குள் வரிசையாகக் குழாய். அதில் உறையாத குளிர்திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். தரை நன்றாகக் குளிர்ந்ததும் தண்ணீரை மெல்லிசாகத் தெளிப்பார்கள், அது உறைந்ததும் இன்னொரு பூச்சு. நடுவில் வெள்ளைப் பெயின்ட், கோடுகள், மறுபடி தண்ணீர். இவ்வளவு செய்தும் மொத்தக் கனம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு அங்குலத்தின் மேல்தான் தொண்ணூறு கிலோ ஆட்கள் மோதுகிறார்கள்.

இடைவேளையில் ஒரு வண்டி வந்து ஐஸைச் சீவி வெந்நீர் விட்டுத் தடவும். பச்சைத் தண்ணீரை விட வெந்நீர்தான் கீறலுக்குள் இறங்கிச் சமமாக உறையும். அந்த வண்டியைச் செய்தவர் ஃபிராங்க் ஸாம்போனி, 1949இல். ஊர் எது தெரியுமா? கலிஃபோர்னியாவின் பாரமவுண்ட். பனி கொட்டும் ஊரில் செய்யவில்லை, வெயில் ஊரில்தான் செய்தார்.

ஆட்டக் கதையை ராத்திரி வந்து எழுதுகிறேன். வேல் தம்பிக்குக் கொஞ்சம் பதில் பாக்கி இருக்கிறது.

ஸ்காபரோ_சுதன் | புதன், மாலை 5.45

ஓம், நானும் வாறன். ஃபீனிக்ஸ் வந்து நாலு வருசம், ஆனால் நான் டொராண்டோ ஆள். ஹாக்கியைப் பற்றிக் கதைக்கிற தமிழ் ஆக்கள் இங்கே இவ்வளவு பேர் இருக்கிறீர்கள் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

செல்வா, வடையைத் தேடாதீர்கள். ஸ்காபரோவில் எங்கட அப்பா முதல் பத்து வருசம் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். ஆட்டக்காரரின் தோளைப் பாருங்கள். எல்லாத் தோளும் ஒரு பக்கம் திரும்பினால் வடை அங்கேதான். நேரில் இரண்டாவது பத்து நிமிசத்தில் கண் பழகிவிடும்.

மிச்சம் சுருக்கமாக. ஒரு பக்கம் கோலியோடு ஆறு பேர். இருபது நிமிசமாக மூன்று பகுதி. ஒருவர் ஐஸில் நிற்பது முக்கால் நிமிசம் போலத்தான், பிறகு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டி வெளியே, அடுத்தவர் உள்ளே. கபடியில் மூச்சு விடாமல் பாடிப்போகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூச்சு இருக்கும்வரைதான் ஆட்டம். களைத்த காலோடு ஐஸில் மாட்டிக்கொண்ட ஐந்து பேரை எதிரணி வெளியே போக விடாமல் வைத்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கோல் பெரும்பாலும் அப்போதுதான் விழும்.

இரண்டு நீலக் கோடு இருக்கும். எதிரியின் நீலக் கோட்டை வடை தாண்டுமுன் ஆள் தாண்டக் கூடாது, அதுதான் ஆஃப்சைடு. தன் பாதியிலிருந்து சும்மா கடைசிவரை அடித்துவிட்டால் ஐசிங். விசில் ஊதி, அடித்தவன் வாசலுக்கே வடையைத் திரும்பக் கொண்டுவருவார்கள். சின்னத் தப்புக்கு இரண்டு நிமிசம் கூண்டுக்குள் இருக்க வேணும், அந்த நேரம் அணிக்கு ஒரு ஆள் குறைவு.

தொலைக்காட்சியில் பார்க்கிற மாதிரி கையுறையைக் கழற்றி எறிந்து அடிபடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கல்லூரி ஹாக்கியில் முகம் முழுக்கக் கம்பிக் கூடு. சண்டை பிடித்தால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. அதனால் பெடியள் வாயால்தான் அடிபடுவார்கள். கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கை எடுத்தால் கேட்கலாம். மாலதி அக்கா மகனின் காதைப் பொத்திக்கொள்ளுங்கோ.

டெம்பி_வேல் | புதன், மாலை 6.10

சுதன் அண்ணா அருமை. ஆனால் இவ்வளவு விளக்கத்துக்கும் உரிய ஆட்டம் மல்லெட்டில் நடக்கிறது. கொயோட்டீஸின் பழைய கேப்டன் ஷேன் டோனின் மகன் ஜோஷ் டோன் எங்களிடம் ஆடிவிட்டுத்தான் தொழில்முறை லீகான என்எச்எல் போனார். அரிசோனாவின் என்எச்எல் அணியாக இருந்த கொயோட்டீஸே இரண்டு சீசன் எங்கள் கல்லூரி அரங்கில் குடியிருந்து ஆடியது. டூசான்காரர்கள் கிளப் ஆட்டத்தைப் பெரிய யுத்தமாகப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பகை என்றால் இரண்டு பக்கமும் நினைக்க வேண்டாமா? எங்கள் பக்கம் யாருக்கும் இந்த ஆட்டம் எப்போது என்றே தெரியாது.

கள்ளிச்செடி | புதன், மாலை 6.13

தெரியாதவர் மூன்றாவது பதிவு போட்டிருக்கிறார்.

ஐஸ்கேட்_அண்ணாச்சி | புதன், இரவு 10.30

சரி, வேல் தம்பிக்கு.

நான் 1993இல் ஆப்டிக்ஸ் படிக்க டூசான் வந்தவன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அப்போது இந்த அணிக்குப் பெயர் ஐஸ்கேட்ஸ். லியோ கோலெம்பியூஸ்கி என்பவர் 1979இல் தொடங்கியது. ஊரே அவரைக் கோச் ஜி என்றுதான் சொல்லும். 1985இல் கிளப் அணிகளுக்கான தேசியப் பட்டம் வாங்கினார்கள். 1991இல் கல்லூரிக் கிளப் ஹாக்கிக்கென்று ஏசிஎச்ஏ அமைப்பைக் கூட்டி ஆரம்பித்த கோச்சுகளில் அவரும் ஒருவர். இன்றைக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரி அணிகள் அதில் ஆடுகின்றன. அந்த மேசையைப் போட்டதில் ஒரு கை டூசானுடையது.

என் ரூம்மேட் ஒருவன், மினசோட்டாக்காரன், வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனான். நவம்பர் மாதம். வெளியே நல்ல இதமான சாயங்காலம், நான் லுங்கியை மட்டும் மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு போனேன். அந்த அரங்கில் ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கை. கூட்டம் என்றால் கூட்டம், நெல்லையப்பர் தேர் கிளம்பும்போது நிற்கிற நெரிசல். கிளப் ஆட்டத்துக்கு! கால் விரல் மரத்துப்போய், இரண்டாவது பகுதியில் செருப்பின் வாரிலிருந்து விரல் கழன்றதே எனக்குத் தெரியவில்லை. எழுந்து கத்தியபோது ஒரு செருப்பு இரண்டு வரிசை கீழே போய்விட்டது. முன்னால் இருந்த தாத்தா அதை எடுத்து ஒன்றுமே பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் ஐஸ்கேட்.

இன்னொன்று, அப்போது என்எச்எல் அரிசோனாவுக்கே வரவில்லை. வின்னிபெக் ஜெட்ஸ் மூட்டை கட்டி வந்து கொயோட்டீஸ் ஆனது 1996இல்தான். அதற்குப் பிறகுதான் ஃபீனிக்ஸ் பக்கம் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் கையில் ஹாக்கி மட்டை வந்தது. ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 2016இல் என்எச்எல் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டது வரைக்கும் அதன் பலன்.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் மாணவனாக இருந்த காலத்தில் டெம்பி எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் வந்தால் எத்தனை கோல் என்றுதான் பந்தயம் கட்டுவோம். அவர்கள் பக்கத்திலிருந்து வேனில் வந்த பத்துப் பதினைந்து மாணவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். வேல் இப்போது எழுதியிருக்கும் அதே வாசகத்தை, எழுத்து மாறாமல், நான் 94இல் ஒரு டெம்பிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் யாருக்கும் இந்த ஆட்டம் எப்போது என்றே தெரியாது என்று. அவன் சொன்ன பதிலை நெறியாளர் அனுமதிக்க மாட்டார்.

2011இல் கோச் ஜி அணியை விட்டுப் போனார், ஐஸ்கேட்ஸ் வைல்ட்கேட்ஸ் ஆனது. அப்புறம் நீங்கள் ஏணி ஏறிவிட்டீர்கள், நாங்கள் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிறோம். உங்களுக்குக் கல்லூரி ஹாக்கி இரண்டு தட்டில் வருகிறது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு இலைதான் தம்பி. அதில் சாதம் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்துக்கொள்வோம்.

நிட்டனி_ரகு | வியாழன், காலை 6.20

பென்சில்வேனியாவிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், ஆட்டத்துக்கு வர முடியாது. அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் சும்மா போக மனசில்லை.

நான் பென் ஸ்டேட்டில் படித்தபோது எங்கள் கிளப் அணிக்கு ஐஸர்ஸ் என்று பெயர். பழைய கிரீன்பர்க் ரிங்க்கில் அலுமினியப் பலகை, உட்கார்ந்தால் முதுகுத்தண்டு வரை சில்லிடும். எங்களுக்கு டெம்பி மாதிரி ஒருவர் இருந்தார்கள்: ஓஹையோ பாப்கேட்ஸ். ஓஹையோ ஸ்டேட் இல்லை, ஏதென்ஸ் என்ற சின்ன ஊரின் ஓஹையோ யூனிவர்சிட்டி. 90களிலும் 2000 வாக்கிலும் ஏசிஎச்ஏ பட்டம் பெரும்பாலும் இந்த இரண்டு வீட்டுக்குள்தான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வரும் வார இறுதி என்றால் வியாழக்கிழமையே யாருக்கும் வீட்டுப்பாடம் ஓடாது.

2010இல் கோடீஸ்வரர் டெரி பெகுலா எங்கள் ஹாக்கிக்கு 88 மில்லியன் டாலர் கொடுத்தார். 2012இல் என்சிஏஏ, 2013இல் புது அரங்கம். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். இன்றைக்கு மிச்சிகன் வருகிறது, மினசோட்டா வருகிறது, அரங்கம் அதிர்கிறது. ஆனால் பாப்கேட்ஸ் என்றால் இப்போதைய மாணவனுக்கு அது ஏதோ விலங்கு, அவ்வளவுதான். ஏதென்ஸில் 1957இல் கட்டிய அதே பேர்ட் அரங்கில் அவர்கள் இன்னமும் கிளப் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எங்களைத் திட்டுவதற்குக் கற்ற பாட்டை இப்போது யாரிடம் பாடுகிறார்களோ.

வேல், உங்கள் பல்கலைக்கழகம் மேலே போன பிறகும் கீழே ஒரு கிளப் அணியை ஏசிஎச்ஏ முதல் டிவிஷனில் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமையே நடக்கிறது. என்னைக் கேட்டால் அதைக் கேலி செய்ய மாட்டேன்.

டெம்பி_வேல் | வியாழன், காலை 8.02

ரகு அண்ணா, மரியாதையோடு ஒரு தகவல். 2012இல் என்சிஏஏ அணியாக முதல் சீசன் ஆடிய பென் ஸ்டேட்டை ஒரு கிளப் அணி தோற்கடித்தது. எந்தக் கிளப் அணி என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிட்டனி_ரகு | வியாழன், காலை 8.09

அதை ஏன்யா கிளறுகிறீர்கள், காலங்காத்தாலே.

கள்ளிச்செடி | வியாழன், காலை 8.15

ஒரு நிமிஷம். கிளப் ஆட்டம் ஒரு ஆட்டமே இல்லை என்று இரண்டு நாளாகச் சொன்னவர், பெருமை அடிக்க எடுத்துப் போட்டது கிளப் ஆட்டத்தையா?

செல்வா_புதுசு | வியாழன், காலை 8.16

வடை போச்சே.

டெம்பி_வேல் | வியாழன், இரவு 11.40

நாள் முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன். மாட்டிக்கொண்டது உண்மைதான்.

நான் 2012 முதல் 2014 வரை ஏஎஸ்யூவில் எம்எஸ். அப்போது ஹாக்கி எங்களுக்கும் கிளப்தான். ஓஷன்சைடு என்று ஒரு ரிங்க். கடலே இல்லாத ஊரில் ஓஷன்சைடு, அதற்குப் பக்கத்திலேயே பிக் சர்ஃப் என்று செயற்கை அலை அடிக்கும் குளம். உள்ளே ஆயிரம் பேர்கூட உட்கார முடியாது. என் அபார்ட்மென்டில் ஏசி ரிப்பேர், வீட்டுக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் முதலில் போனேன், குளிர்ச்சிக்கு. உண்மையைச் சொல்கிறேன். செப்டம்பர் இறுதி, வெளியே நூறு டிகிரிக்கு மேல். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த அந்தக் காற்றுக்காகவே ஐந்து டாலரோ பத்து டாலரோ கொடுத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தங்கள் பையைத் தாங்களே சுமந்துகொண்டு அதே வாசல் வழியாகப் போவார்கள். என்னோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் இருந்த ஒருவன் ஒரு நாள் தலையசைத்துவிட்டுப் போனான். மறுநாள் வகுப்பில் என் நோட்ஸை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தான். 2014இல் அந்த அணிதான் ஏசிஎச்ஏ தேசியப் பட்டம் வாங்கியது. கோச் கிரெக் பவர்ஸ், அவரே ஒரு காலத்தில் எங்கள் கிளப் அணியின் கோலி. அதே வருடம் நவம்பரில் 32 மில்லியன் டாலர் நன்கொடை, என்சிஏஏ போகிறோம் என்று அறிவிப்பு. முன்னின்று கொடுத்த டான் மல்லெட்டின் மகன் அந்தக் கிளப் அணியில் ஆடியவர். அதாவது மல்லெட் அரங்கமே ஒரு கிளப் ஆட்டக்காரனின் அப்பா பெயரில்தான் நிற்கிறது. இதை நான் இவ்வளவு நாள் இப்படி நினைத்துப் பார்க்கவில்லை, அண்ணாச்சி.

மல்லெட்டில் இப்போது என் இருக்கை பதினெட்டாவது வரிசையோ என்னவோ. ஒருவரும் தலையசைக்க மாட்டார்கள்.

சரி, எனக்கும் ஒரு டிக்கெட். ஆனால் மெரூன் சட்டையில்தான் வருவேன். எங்கள் கல்லூரிச் சைகையான ஃபோர்க்கைக் கையில் காட்டினால் தட்டிவிடக் கூடாது.

ஐஸ்கேட்_அண்ணாச்சி | வெள்ளி, காலை 5.55

வாரும் தம்பி. என் பக்கத்து இருக்கை உமக்கு.

மாலதி_சாண்ட்லர் | வெள்ளி, காலை 7.10

எத்தனை பேருக்குச் சாப்பாடு? அரங்கத்துக்குள் வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள், அதனால் ஆறரைக்கு பார்க்கிங்கிலேயே முடித்துக்கொள்ளலாம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். செல்வா, உள்ளே சைவம் என்றால் பாப்கார்னும் நாச்சோவும்தான், நம்பி வராதே. அசைவக்காரர்கள் வெளியே வண்டியில் சொனோரன் ஹாட்டாக் வாங்கிக்கொள்ளுங்கள். டூசான் வந்து அதைச் சாப்பிடாமல் போனால் பாவம் என்பார் என் வீட்டுக்காரர்.

கள்ளிச்செடி | வெள்ளி, காலை 9.00

மொத்தம் பதினான்கு பேர், ஒரே வரிசை கிடைத்துவிட்டது. நீலக் கோட்டுக்கு நேராக, கண்ணாடியிலிருந்து நான்காவது வரிசை.

ஒரு வேண்டுகோள், கூடுமானவரை இந்த மாதிரி ஆட்டங்களை இப்போதே பார்த்துவிடுங்கள். டூசானின் தொழில்முறை ஹாக்கி அணியான ரோட்ரன்னர்ஸுக்கும் இந்த அரங்கம்தான் வீடு, கச்சேரி வந்தால் அதற்கும் இதுதான், பிப்ரவரியில் ரத்தினக் கல் கண்காட்சி வந்துவிட்டால் கட்டடமே அவர்களுடையது. கிளப் பையன்களுக்குக் கிடைப்பது பந்தி கடைசியில்.

டெம்பி_வேல் | வெள்ளி, மாலை 4.50

ஐ-10 நெடுஞ்சாலையில் பிகாச்சோ சிகரம் தாண்டியாச்சு. சுதன் அண்ணாவும் என் காரில்தான். நெருப்புக்கோழிப் பண்ணையைப் பார்த்துவிட்டு இறங்கித் தீனி போட வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். ஹாக்கிக்கு நேரமாகிறது என்று கனடாக்காரருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோ_சுதன் | வெள்ளி, மாலை 4.58

பொய். இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிற்பது வேல்தான்.

நிட்டனி_ரகு | வெள்ளி, மாலை 6.30

இங்கே எட்டரை மணி. ஸ்ட்ரீமிங் போட்டு உட்கார்ந்துவிட்டேன், ஒரே ஒரு கேமரா, நடுக்கோட்டுக்கு மேலே. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. உங்கள் வரிசையில் யாராவது கை காட்டுங்கள்.

செல்வா_புதுசு | வெள்ளி, மாலை 7.12

உள்ளே வந்துவிட்டேன். இரண்டு அணியும் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பழகுகிறார்கள். யூடியூபில் இந்தச் சத்தம் இல்லை. ஸ்கேட்டின் கத்தி ஐஸை அறுக்கும்போது பனங்கிழங்கு உரிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, பக்கத்தில் வந்து பிரேக் போட்டால் பனித்தூள் கண்ணாடியில் பூவாகச் சிதறுகிறது. வேகம் பார்த்தால் பயமாக இருக்கிறது. அண்ணாச்சி ரப்பர் செருப்பில் வரவில்லை, நான் பார்த்துவிட்டேன். எனக்கு மேல் சாக்ஸ் போட்டிருக்கிறார்.

மாலதி_சாண்ட்லர் | வெள்ளி, மாலை 7.19

ஒரு ஆட்டக்காரன் கண்ணாடிக்கு மேலே வடையைத் தூக்கிப் போட்டான்! என் மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான், அவனைப் பார்த்துத்தான் போட்டான். கையில் வாங்கிப் பார்த்தேன். ஐஸ் கட்டி மாதிரிச் சில்லென்று இருக்கிறது, ரப்பருக்கு இப்படி ஒரு கனமா? துள்ளாமல் இருக்க முன்னாலேயே உறைய வைத்துக் கொண்டுவருவார்களாம், சுதன் சொல்கிறார். செல்வா இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போட்டவன் ஏஎஸ்யூ சட்டை. வேல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

கள்ளிச்செடி | வெள்ளி, மாலை 7.31

விளக்கை அணைத்துவிட்டார்கள். மாணவர் பக்கம் நம் கல்லூரி முழக்கம் "பேர் டவுன்" ஆரம்பித்தாச்சு. ரகு, வலது மூலைக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். சிவப்பு வரிசைக்கு நடுவில் ஒற்றை மெரூன் சட்டை, எழுந்து நிற்கிறது.

நிட்டனி_ரகு | வெள்ளி, மாலை 7.33

தெரிகிறது, தெரிகிறது. உட்காரச் சொல்லுங்கள், பின்னால் இருக்கிறவர் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது.

செல்வா_புதுசு | வெள்ளி, மாலை 7.34

அது நான்தான் அண்ணா கத்தினேன். வடையைப் போடப் போகிறார்கள், மறைக்கிறார்.